அடுத்த கடை இல்லாத விற்பனை

மாத்தளை நகருக்கு மிளகு விற்க வரும் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். சாக்கை இறக்கி வைப்பார். கடைக்காரர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு விலை சொல்வார். பிடித்தால் சாக்கு தராசில் ஏறும். பிடிக்காவிட்டால் வந்தவர் சாக்கின் வாயைக் கட்டி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு கடை தள்ளிப் போவார். கடைக்காரர் ஓரளவு நியாயமான விலை சொல்கிறாரென்றால் அதில் பாதி அவருடைய நாணயம், மீதிப் பாதி அந்த நாலாவது கடை.

அதே மனிதருடைய மிளகுத் தோட்டத்தை அரசு சுவீகரிக்கும்போது அந்த நாலாவது கடை காணாமல் போய்விடுகிறது. வாங்குபவர் ஒருவரே. விலையைச் சொல்பவரும் அவரே. "தரமாட்டேன்" என்று சொல்லும் உரிமை விற்பவருக்குக் கிடையாது. அப்படியானால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? "இந்த விலை போதாது" என்று வேறொருவர் முன்னால் போய் நின்று சொல்லும் உரிமை. மேன்முறையீடு என்பது அதுதான். பறிக்கப்பட்ட சம்மதத்தின் இடத்தில் சட்டம் வைத்த ஒரே ஈடு அது.

அந்த உரிமையைக் குறுகலாக வைத்திருப்பதே சரி என்ற கருத்து நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. அலுவலகங்களில் அதைக் கேட்டிருக்கிறேன். படித்த நண்பர்களிடமும், சில சட்டத்தரணிகளிடமும் கேட்டிருக்கிறேன். அவர்கள் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். ஒன்று, வழக்குகள் அபிவிருத்தியைத் தாமதப்படுத்துகின்றன. இரண்டு, காணியின் பெறுமதி வெறும் கணக்கு. அதை மதிப்பீட்டாளரிடம் விட வேண்டும், நீதிபதிக்கு அதில் வேலை இல்லை. மூன்று, கதவைத் திறந்துவிட்டால் எல்லாரும் பேராசையோடு வருவார்கள், பொதுப் பணம் கரைந்துபோகும். மூன்றும் பிழை என்பதே என் கட்சி. முதலாவது பிழை மட்டுமல்ல, சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் சொல்லப்படும் பேச்சு.

சட்டத்தைத் திறந்து பார்ப்போம். 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2 ஆம் பிரிவின்கீழ் முதல் அறிவித்தல் ஊரில் ஒட்டப்படும். 4 ஆம் பிரிவில் ஆட்சேபம் கேட்கப்படும். 5 ஆம் பிரிவில் "இந்தக் காணி பொதுத் தேவைக்கு வேண்டும்" என்ற பிரகடனம் வரும். அது அத்தேவைக்கு முடிந்த முடிபான சான்று. 7 ஆம் பிரிவில் உரிமை கோருவோர் அழைக்கப்படுவார்கள், 9 ஆம் பிரிவில் விசாரணை நடக்கும், 17 ஆம் பிரிவில் நட்டஈடு எவ்வளவு என்ற தீர்மானம் கையில் கிடைக்கும். அது போதாது என்று நினைப்பவர் 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். சபையின் முடிவும் பிழை என்று தோன்றினால், மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் சட்டப் பிரச்சினை ஒன்றை முன்வைத்து மட்டுமே போகலாம். "என் காணி இவ்வளவு பெறும், நீங்கள் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்ற எளிய வாக்கியத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் இடமில்லை.

இனிக் காணி எப்போது கைமாறுகிறது என்று பாருங்கள். 38 ஆம் பிரிவின்படி, 17 ஆம் பிரிவின் தீர்மானம் வந்தவுடனேயே அமைச்சர் காணியைக் கையேற்கக் கட்டளையிடலாம். மேன்முறையீடு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவசரம் என்று சொன்னால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்; 2 ஆம் பிரிவின் அறிவித்தல் ஒட்டப்பட்ட பிறகு எந்த நேரத்திலும் உடனடியாகக் கையேற்கலாம். அதாவது யாருக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னாலேயே புல்டோசர் வேலிக்குள் வரலாம். பிறகு நட்டஈட்டைப் பற்றி ஒருவர் பத்து வருடம் வாதாடினாலும் அந்த வீதி ஒரு நாளும் பிந்தாது. அந்த அணைக்கட்டில் ஒரு கல்லும் குறையாது. காணி போய்விட்டது, பேச்சு எல்லாம் பணத்தைப் பற்றியது மட்டுமே. அப்படியிருக்க, மேன்முறையீட்டைச் சுருக்கினால் அபிவிருத்தி எப்படி விரைவாகும்? விரைவாவது ஒன்றுதான்: அரசின் கணக்கு மூடப்படுவது.

"தாமதம்" என்று சொல்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பதில் நீர் நிறைந்து கிடக்கிறது. அம்பன் கங்கையின் குறுக்கே மொரகஹகந்தையில் அணை கட்டும் யோசனை, 1968 இல் வெளிவந்த மகாவலிப் பெருந்திட்டத்திலேயே இருந்தது. அதன் பிறகு விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல, மாதுறு ஓயா எல்லாம் முன்னுக்குப் போயின. மொரகஹகந்தை பின்னுக்குத் தள்ளப்பட்டது. வேலை தொடங்கியது 2007 ஜனவரியில். நீர் தேக்கத் தொடங்கியது 2017 ஜனவரியில். இந்த அரை நூற்றாண்டுத் தாமதத்துக்கு யார் காரணம்? நாவுலையிலும் லக்கலையிலும் ஒரு ஏக்கருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்ட விவசாயியா? அரசுகள் மாறின, முன்னுரிமைகள் மாறின, கடன் கிடைக்கவில்லை, கிடைத்தபோது வேறு வேலைக்குப் போயிற்று. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரமே நீருக்கடியில் போனது. அங்கே இருந்தவர்கள் தங்கள் கடை, வயல், விகாரை, மயானம் எல்லாவற்றையும் விட்டு எழும்பினார்கள். தாமதத்தின் பழியை அவர்களுடைய 21 நாள் கடிதத்தின் தலையில் கட்டுவது அறமல்ல.

அடுத்தது "பெறுமதி என்பது வெறும் கணக்கு" என்ற வாதம். சட்டத்தின் 45 ஆம் பிரிவு சந்தைப் பெறுமதியை இப்படி வரையறுக்கிறது: 7 ஆம் பிரிவின் அறிவித்தல் வர்த்தமானியில் வெளிவந்த நாளில், விற்க விரும்பும் ஒருவர் திறந்த சந்தையில் விற்றிருந்தால் அந்தக் காணி என்ன விலைக்குப் போயிருக்கும்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்க விரும்பும் அந்த ஆள் எங்கே? இருப்பவர் விற்க விரும்பாதவர். திறந்த சந்தை எங்கே? 2 ஆம் பிரிவுக் கடதாசி கிராம உத்தியோகத்தரின் அலுவலகச் சுவரில் ஏறிய அன்றே அந்த ஊரில் சந்தை செத்துவிடும். நாளை மூழ்கப்போகும் காணியை யார் வாங்குவார்? ஆகவே மதிப்பீட்டாளர் பழைய உறுதிகளைப் புரட்டுகிறார். உறுதியில் எழுதிய விலை உண்மையாகக் கைமாறிய விலைதான் என்று இந்த நாட்டில் யாராவது சத்தியம் செய்வார்களா? முத்திரைத் தீர்வையைக் குறைக்கப் பத்தை ஆறாக எழுதுவது எல்லாரும் அறிந்த வழக்கம். அந்த ஆறுதான் பக்கத்துக் காணிக்காரரின் "சந்தைப் பெறுமதி" ஆகிறது.

அந்தக் காணிக்குள் கொஞ்சம் நடந்து பாருங்கள். மாத்தளையின் வீட்டுத்தோட்டம் ஒரே பயிர் போட்ட வயல் அல்ல. மேலே பலாவும் கித்துளும். நடுவில் சாதிக்காயும் கராம்பும் கமுகும். கிளிசிரிடியா மரத்தைப் பற்றிக்கொண்டு மிளகுக்கொடி. கீழே கோப்பி, அதற்கும் கீழே இஞ்சியும் மஞ்சளும். மிளகுக்கொடி காய்க்கத் தொடங்க மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். பிறகு இருபது ஆண்டுக்கு மேலும் பிழைப்புத் தரும். தகப்பன் நட்ட சாதிக்காயை மகன் பறிக்கிறான். நான்கு தட்டுகளில் விளையும் இந்த அரை ஏக்கரை, தரையின் பரப்பை மட்டும் அளந்து விலை போட்டால் அது கணக்கு ஆகுமா? காய்க்கும் கொடிக்கு எத்தனை ஆண்டு வருமானத்தைச் சேர்ப்பது, பலாவை விறகாகக் கணிப்பதா உணவாகக் கணிப்பதா, வீதியோரக் காணி என்பது எந்த வீதியை வைத்து, இவை எல்லாம் தீர்ப்புகள். தீர்ப்பு என்றால் அதைக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். மதிப்பீட்டாளரின் அறிவை நான் மதிக்கிறேன். வைத்தியரின் அறிவையும் மதிக்கிறேன். அதனால் இரண்டாவது வைத்தியரிடம் போகக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை.

"தவறான கோட்பாட்டில் மதிப்பிட்டால் அது சட்டப் பிரச்சினை, அப்போது நீதிமன்றம் போகலாமே" என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மை. ஆனால் யாரால் போக முடியும்? "விலை குறைவு" என்ற வலியைச் "சட்டக் கோட்பாட்டுப் பிழை" என்று மொழிபெயர்த்துத் தரும் சட்டத்தரணியைக் கொழும்பு புதுக்கடையில் பிடிக்கக்கூடியவரால். பெரிய கம்பனிக்கு இந்த வரம்பு ஒரு படிக்கட்டு; மூன்று பேர்ச்சஸ் வீட்டுக்காரருக்கு அது மதில். ஒரே சட்டம், இரண்டு உயரம்.

இந்த வரம்பு காலங்காலமாக இருந்ததா? இல்லை. வெள்ளைக்காரன் போட்ட 1876 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கக் காணி எடுத்தற் கட்டளைச் சட்டத்தில், அரசாங்க அதிபர் சொன்ன தொகைக்கு உடன்படாதவரின் விவகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிபதியோடு மதிப்பீட்டுத் துணைவர்கள் உட்கார்ந்து பெறுமதியைத் தீர்மானித்தார்கள். அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு போயிற்று. இந்த ஆட்சியாளர்கள் யார்? 1840 இல் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், பயிரிடாத காணியெல்லாம் முடிக்குரியது என்று அனுமானித்துக் கண்டிய மலைநாட்டை விழுங்கியவர்கள். 1848 இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தபோது வரிகள் உடனடிக் காரணமாயின. காணி இழந்த கசப்பு அதற்கு அடியில் கிடந்தது. அப்படிப்பட்ட ஆட்சிகூட, தன் பணத்தைக் கொடுத்து எடுக்கும் காணியின் விலையைப் பற்றி மாவட்ட நீதிபதி முன்னால் வாதாட இடம் வைத்திருந்தது. சுதந்திரம் பெற்ற இரண்டாம் ஆண்டில் நாமே நம் மக்களை அந்தப் படியிலிருந்து இறக்கினோம். இதைச் சீர்திருத்தம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சொத்துரிமை கிடையாது. சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் போகலாம். அதற்கும் ஒரு மாதம்தான் அவகாசம். நீதிமன்றங்கள் இந்த இடைவெளியைத் தங்களால் இயன்ற அளவு அடைத்திருக்கின்றன. நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, 2 ஆம் பிரிவின் அறிவித்தலில் பொதுத் தேவை இன்னதென்று சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பெழுதினார். 2004 இல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழக்கில், பாதையை மாற்றும்போது காணிக்காரரைக் கேட்காமல் விட்டதற்காக, மனுதாரர் ஒவ்வொருவருக்கும் 75,000 ரூபா கொடுக்கும்படி அவருடைய தலைமையிலான அமர்வு கட்டளையிட்டது. பெரும்பான்மையின் நன்மைக்காகச் சிலர் இழக்கிறார்கள் என்றால் அந்தச் சிலரின் குரலைக் கேட்பது தயவல்ல, கடமை என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பில் ஓடுகிறது. மூலச் சட்டம் மட்டும் 1950 இலேயே நிற்கிறது.

மூன்றாவது வாதம் பேராசை. இதற்கு அரசே பதில் சொல்லிவிட்டது. அதே தெற்கு நெடுஞ்சாலைக்குக் காணி எடுத்தபோது, சட்டப்படி வரும் தொகையில் மக்கள் மறுபடி ஒரு வீடு கட்ட முடியாது என்று கண்டு, "லார்க்" என்று எல்லாரும் அழைக்கும் காணி எடுத்தல், மீள்குடியேற்றக் குழுவை அரசே அமைத்தது. அதன் முடிவும் போதாதவர்களுக்கு "சுப்பர் லார்க்". 2001 இல் அமைச்சரவை கட்டாய மீள்குடியேற்றத்துக்கான தேசியக் கொள்கையை ஏற்றது. 2009 இல் நட்டஈட்டை விரிவாக்கும் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. சட்டம் தரும் தொகை போதும் என்றால் இத்தனை ஒட்டுப்போடல் எதற்கு? குறைவாகக் கொடுக்கிறோம் என்று அரசுக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் குறையைக் குழு பார்த்துத் தரும் சலுகையாகத் தீர்க்கிறதே ஒழிய, குடிமகன் கேட்டுப் பெறும் உரிமையாகத் தீர்ப்பதில்லை. அதிவேக வீதியோரத்தில் இருந்தவருக்குக் கிடைத்தது, ஒரு கிராமத்துப் பாதைக்கோ பிரதேச சபைக் கட்டடத்துக்கோ காணி இழந்தவருக்குக் கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. கேட்டவர் பேராசைக்காரர் என்றால், லார்க் கூட்டிக்கொடுத்தது யாருடைய பேராசைக்கு?

மேன்முறையீடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு வழக்கு எண்களில் காட்டுகிறது. இந்தியாவின் 1956 ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் நட்டஈட்டுத் தகராறு நேரே நீதிமன்றம் போகாது. மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போகும். பெரும்பாலும் அவர் மாவட்ட ஆட்சியர், அரசின் அலுவலர். தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளுக்கு எடுத்த நிலத்துக்குச் சதுர மீட்டருக்கு 46.55 ரூபாயிலிருந்து 83.15 ரூபாய் வரை என்று அதிகாரி தீர்மானித்தார். நடுவரும் அதையே வழிமொழிந்தார். மாவட்ட நீதிமன்றம் கணக்கைத் திறந்து பார்த்து 640 ரூபாய் என்றது. ஏழு மடங்குக்கு மேல்! 2021 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம், நடுவர் தீர்ப்பை ரத்துச் செய்யலாமே தவிரத் தொகையை மாற்ற மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று சட்டத்தை விளக்கியது. ஆனாலும் அந்த நில உரிமையாளர்களுக்குக் கிடைத்த உயர்வில் கைவைக்க அதற்கு மனம் வரவில்லை. அதை அப்படியே விட்டது. 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வரையறுக்கப்பட்ட அளவில் நடுவர் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்றது. ஒரு நீதிபதி கணக்கைத் திறந்திராவிட்டால் 83 ரூபாயே "நிபுணர் கண்ட உண்மை" என்று கோப்பில் என்றைக்கும் இருந்திருக்கும். நம் நாட்டில் அப்படி எத்தனை 83கள் கோப்புகளில் உறங்குகின்றனவோ, அவற்றைத் திறக்க நாம் எந்த நீதிபதிக்கும் சாவி கொடுக்கவில்லை.

மாத்தளையைப் பற்றி எழுதிவிட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பற்றி எழுதாமல் போக என்னால் முடியாது. 21 நாள் போதுமா, சபையா நீதிமன்றமா என்ற இந்த விவாதம் முழுவதும் காணி உறுதி உள்ளவர்களைப் பற்றியது. மன்னாரில் கரையிறங்கி, காட்டுவழியே நடந்து, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் உக்குவளையிலும் ரத்தோட்டையிலும் தோட்டக் காணியில் இருக்கிறார்கள். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. நிலம் அரசினுடையது என்றால் அதை எடுக்கச் சுவீகரிப்பே தேவையில்லை. சுவீகரிப்பு இல்லையென்றால் 17 ஆம் பிரிவின் தீர்மானம் இல்லை. தீர்மானம் இல்லையென்றால் மேன்முறையீடு எதன்மீது? ஐந்து தலைமுறை குடியிருந்த ஒரு குடும்பம், தன் லயத்துப் பின்புறத்தில் போட்ட மரக்கறிப் பாத்தியையும், கட்டிய மாட்டுத் தொழுவத்தையும் இழந்தால், அதைச் சொல்ல ஒரு படிவம்கூட இல்லை. மாத வாடகைக்கு இருப்பவரையும் சட்டத்தின் வரைவிலக்கணம் "அக்கறையுள்ள ஆள்" என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்துகிறது. உறுதி உள்ளவரின் கதவைக் குறுக்கியிருக்கிறோம். உறுதி இல்லாதவருக்குக் கதவே வைக்கவில்லை.

எதிர்க்கட்சியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். முடிவில்லாமல் நீளும் வழக்கு காணிக்காரரையும்தான் கொல்லும். இந்தியாவில் தாத்தா தொடங்கிய நட்டஈட்டு வழக்கைப் பேரன் முடித்த கதைகள் உண்டு. வழக்கு நீளும் என்று பயந்தால் தீர்ப்புக்குத் தவணை விதியுங்கள். கேட்பவரின் வாயைக் கட்டாதீர்கள். மருத்துவமனையில் வரிசை நீளம் என்பதற்காக யாரும் நோயாளியைப் படலைக்கு வெளியே நிறுத்துவதில்லை.

என்ன செய்யலாம்? நட்டஈட்டின் தொகை பற்றி, உண்மையிலும் சட்டத்திலும் சேர்த்து, ஒரே ஒரு முழு மேன்முறையீடு வேண்டும். அது மாத்தளையிலோ தம்புள்ளையிலோ உள்ள நீதிமன்றத்தில், பஸ் ஏறிப் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் முடிய வேண்டும். 21 நாள் என்பது 90 நாள் ஆக வேண்டும். அந்த நாட்கள், மதிப்பீட்டு அறிக்கை முழுவதும் உரியவரின் தாய்மொழியில் கையில் கிடைத்த அன்றிலிருந்து எண்ணப்பட வேண்டும்; எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்று பிரிந்து கிடக்கும் முதுசக் காணியில் பங்காளிகளைத் தேடிக் கையெழுத்து வாங்கவே மூன்று வாரம் போய்விடும். தகராறில்லாத தொகையை வீட்டை விட்டு எழும்புமுன் கொடுத்துவிட வேண்டும். மீதியை மட்டும் வாதாடட்டும். இந்தியா 1984 இல் செய்த ஒரு நல்ல திருத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம்: ஒரே சுவீகரிப்பில் பக்கத்துக் காணிக்காரர் நீதிமன்றம் போய் அதிக விலை பெற்றால், வழக்குப் போட வசதியில்லாதவரும் அதே விலையைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். காசில்லாதவருக்கும் தைரியமில்லாதவருக்கும் அது ஒரு கதவு. லயத்தில் இருப்பவரையும் வாடகைக்கு இருப்பவரையும் "அக்கறையுள்ள ஆள்" என்ற சொல்லுக்குள் கொண்டுவர வேண்டும்.

இதனால் அரசுக்குச் செலவு கூடுமா? சில இடங்களில் கூடும். கூடும் அந்தத் தொகை புதிதாக முளைத்த செலவு அல்ல. அணையின் உண்மையான விலையில் இதுவரை காணிக்காரர் தன் பையிலிருந்து கட்டிவந்த பங்கு அது. அதை நாடு கட்டட்டும். நீர் நாட்டுக்குத்தானே போகிறது?

மிளகுக் கடைக்குத் திரும்பிப் போகிறேன். அங்கே தராசின் முள் எங்கே நிற்கிறது என்று வந்தவர் குனிந்து பார்க்கிறார். கடைக்காரர் அவரைக் கோபிப்பதில்லை. கொஞ்சம் நகர்ந்து, பார்க்க இடம் விடுகிறார். ஒரு சாக்கு மிளகுக்கு ஒரு சில்லறை வியாபாரி கொடுக்கும் அந்த இடத்தை, ஒரு தலைமுறையின் காணிக்கு நம் குடியரசும் கொடுக்க வேண்டும்.